செங்கல்லில் பதிந்த விரல்களும் என் மகன் கல்யாணப் பத்திரிகையும்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஏழெட்டு வருடம் ஆகிறது. நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதோடு மூடி வைத்துவிடுவேன். மகன் படித்தால் மனசு கஷ்டப்படுவான் என்று ஒரு தயக்கம். மருமகளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது; ஆனாலும் யாராவது வாசித்துச் சொல்லிவிடுவார்கள். அதற்கும் மேலே, பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுதினால் யார் மதிப்பார்கள் என்ற கூச்சம். போன மாதம் என் அச்சகத்துக்கு ஒரு குடும்பம் வந்தது. மகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வேண்டுமாம். "அந்த வெள்ளைத் தூணு வச்ச பங்களா டிசைன் இருக்குல்லங்க, தங்கக் கலர்ல, அதுதான் வேணும்" என்றார்கள். சிவகாசியில் இப்போது நாலைந்து இடத்தில் அந்த டிசைன் ஓடுகிறது. அதை முதன்முதலில் போட்டவன் நான். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலமே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு வீடு விருதுநகர், தொழில் சிவகாசி. தினமும் ஆமத்தூர் வழியாக பஸ்ஸில் போய்த் திரும்புகிறவன். கல்யாணப் பத்திரிகை மட்டும் அடிக்கிற சின்ன அச்சகம். சின்ன வயதில் தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்கினேன். அங்கிருந்து அச்சுக்கு வந்து, கடவுள் புண்ணியத்தில் சொந்தமாக ஒரு மெஷின் போட்டேன். என் மனைவி கல்யாணத்துக்கு முன்னே பட்டாசுக் கம்பெனியில் திரி சுற்றியவள். ஒரே மகன். படித்து அமெரிக்கா போய்விட்டான். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணைப் பார்த்துப் பேசி, இரண்டு வீட்டுக்கும் சம்மதமாகி, கல்யாணம் அங்கேதான் என்று முடிவானது.

மண்டபமாக அவர்கள் பிடித்தது ஒரு பழைய பங்களா. பழைய வீடுகளை இடிக்காமல் அப்படியே பாதுகாத்து, கல்யாணங்காட்சிக்கு வாடகைக்கு விடுகிறார்களாம். மகன் படம் அனுப்பினான். முன்னாலே ஆறு வெள்ளைத் தூண். இரண்டு பக்கமும் பெரிய பெரிய மரம் கிளையைத் தரை வரைக்கும் போட்டு நிற்கிறது. பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. இதைப் பத்திரிகையின் முகப்பில் தங்கத்தாளில் அழுத்தி எடுத்தால் எப்படி இருக்கும்! படத்தை அச்சுப் பிளாக்காகச் செய்து, மூன்று தடவை சரிபார்த்து அடித்தேன். என் கையால் அடித்த பத்திரிகையில் அவ்வளவு அழகானது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. ஆமத்தூரைத் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் கூரைகூட இல்லாமல் உட்கார்ந்திருக்கிற அம்மன் அவள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையை அவள் பாதத்தில் வைத்துவிட்டால் அப்புறம் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டோம். நாளோ நேரமோ இடமோ மாற்றினால் அவளிடம் பொய் சொன்னதாக ஆகிவிடும். என் சித்தப்பா மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பி.இ. என்று இருக்க வேண்டியதை பி.ஏ. என்று நானே தப்பாக அடித்துவிட்டேன். சாமிக்கு வைத்த பிறகுதான் பார்த்தோம். "விடுலே, நாலு வருசப் படிப்ப மூணு வருசத்துல முடிச்சிட்டான்னு வச்சுக்குவோம்" என்று சிரித்துக்கொண்டே சித்தப்பா ஊரெல்லாம் அதையே கொடுத்தார்.

அந்த அம்மன் முன்னால் பத்திரிகையை விரித்து, படத்தை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினேன். "தாயே, ஒம்பிள்ளை இங்கனதான் தாலி கட்டப்போறான், நீதான் கூட இருக்கணும்" என்றேன். பூசாரி அந்த வீட்டுப் படத்தின் மேலேயே குங்குமம் வைத்தார். அப்புறம் சொந்தக்காரர் வீடுகளுக்குக் கொடுக்கப் போனோம். கல்யாணத்துக்கு அவர்கள் வரப்போவதில்லை, ஊரில் பிறகு விருந்து உண்டு. ஆனாலும் பத்திரிகை கொடுக்க வேண்டும் இல்லையா? போன வீடெல்லாம் ஒரே பேச்சு. "ஏலே, வெள்ளைக்காரன் அரமனைல்ல இது! சூலக்கரையில கலெக்டர் ஆபீசு இதுக்கு முன்னால நிக்குமாலே?" என்றார் என் மாமா. நான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். உள்ளே எவ்வளவு பூரிப்பு என்று இப்போது நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது நானும் என் மனைவியும் போய்ச் சேர்ந்தோம். எனக்குப் பழைய கட்டடங்கள் பிடிக்கும் என்று மகன் லீவு போட்டு ஊர் ஊராகக் காரில் கூட்டிப் போனான். அந்த நாட்டில் பழையதைப் பாதுகாக்கிற விதத்தைப் பார்த்து முதலில் ஆச்சரியப்பட்டேன். ஒரு ஆணி பிடுங்கியிருக்க மாட்டார்கள். ஒரு கதவு மாற்றியிருக்க மாட்டார்கள். ஆனால் அங்கே வருகிற ஜனம் செய்கிற காரியம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பழைய ஜெயில். அதற்குள்ளே பத்து வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள்; பிள்ளைகள் எல்லாம் கைதிச் சட்டை. இன்னொரு ஊர், தங்கம் தோண்டின ஊராம். அங்கே தூக்குமரம் நிற்கிறது. ஒவ்வொருவராகக் கயிற்றுக்குள் தலையை விட்டு, நாக்கைத் தொங்கப் போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "கருமம், கருமம். இதப் பார்க்கவாடா பிளேனேறி வந்தோம்?" என்றாள். மகன், "அம்மா, அது சும்மா ஜாலிக்கு" என்றான். "தூக்குல தொங்குனவன் பொண்டாட்டிகிட்டப் போய்ச் சொல்லு, ஜாலிக்குன்னு."

பிறகு ஒரு மருந்து ஆலைக்குப் போனோம். மருந்து என்றால் வெடிமருந்து. நாங்கள் சிவகாசிக்காரர்கள் என்று ஆசையாகக் கூட்டிப்போயிருக்கிறான். ஆற்றங்கரையில் வரிசையாகக் கல் கட்டடம். வாசலுக்கு வந்ததும் நானும் அவளும் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றி வெளியே வைத்தோம். மருந்து அறைக்குள் செருப்போடு போகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. சுற்றிக் காட்ட வந்த பெரியவர் எங்கள் காலைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். மகன் விளக்கிச் சொன்னதும் அவர் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அந்தக் கட்டடத்துக்கு மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கும் மேலே பருமனான கல் சுவர், ஆற்றுப் பக்கம் மட்டும் வெறும் பலகை. மகன் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொல்லிவிட்டாள்: "வெடிச்சா ஆத்துப் பக்கமாப் போகட்டும்னு கட்டியிருக்கான். ஆளும் ஆத்துக்குள்ளதான் போயிருப்பான்."

அப்படித்தானாம். செத்தவர்களின் பெயர்களைப் பெரியவர் ஒன்றொன்றாக வாசித்தார். என் மனைவியின் அக்கா பட்டாசு ஷெட் வெடித்ததில் போனவள். அந்த இடத்தில் அடுத்த சீசனுக்குப் புது ஷெட் போட்டு வெள்ளையடித்து விட்டார்கள். அவள் பெயர் எந்தச் சுவரிலும் கிடையாது. "என்னங்க, இவரு பேரச் சொல்றாரே" என்று மட்டும் என் மனைவி சொன்னாள். அந்த ஒரு இடத்தில்தான் எனக்கு அந்த நாட்டின் மேல் மரியாதை வந்தது. அதையும் அரை மணி நேரம்கூட வைத்திருக்க விடவில்லை. பக்கத்து அறையில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள், அழுத்தினால் ஆலை வெடிக்கிற சத்தம் கேட்கும். பிள்ளைகள் வரிசையில் நின்று அழுத்தி அழுத்திச் சிரிக்கிறார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் தோள் துள்ளியது. கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் கல்யாண வீட்டைப் பார்க்கப் போனோம். மருமகளும் வந்தாள். நேரில் பார்த்தால் பத்திரிகையில் நான் அடித்ததைவிட அழகு, பொய் சொல்லக்கூடாது. அந்தக் காலத்துக் குடைப்பாவாடை உடுத்திக்கொண்டு ஒரு அம்மா சுற்றிக் காட்டினாள். சரவிளக்கு எந்த நாட்டிலிருந்து கப்பலில் வந்தது, மாடிப்படி எந்த மரம், முதலாளியம்மா எந்த நாற்காலியில் உட்கார்ந்து பியானோ வாசிப்பாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். சாப்பாட்டு மேசை ஒன்று, எங்கள் தெரு நீளம்.

"இம்புட்டுப் பேருக்கு யாரு ஆக்கிப் போட்டா? அடுப்படி எங்கன இருக்குன்னு கேளு" என்றாள் என் மனைவி.

மகன் கேட்டான். அடுப்படி பின்னால் தனியாக இருந்ததாம். இப்போது அதுதான் மணப்பெண் அலங்கரிக்கிற அறை. அதற்கும் பின்னே வேலையாட்கள் படுத்த சின்னக் கொட்டகைகளில் ஒன்று இப்போது கழிப்பறை. மற்றதெல்லாம் விழுந்துவிட்டது, பாதுகாக்கவில்லை என்றாள். சரவிளக்கில் ஒரு கண்ணாடி மணி உடையாமல் பாதுகாத்தவர்கள், அதைப் பாதுகாக்கவில்லையாம்.

பின்பக்கச் சுவரைப் பார்த்தேன். முன்பக்கம்தான் வெள்ளைப் பூச்சு, பின்னால் வெறும் செங்கல். கட்டுமானம் எப்படி என்று கையால் தடவினேன். ஒரு கல்லில் நாலு குழி தட்டுப்பட்டது. பக்கத்துக் கல்லில் மூன்று. விரல்கள். என் சுண்டு விரல் நுனிதான் அந்தக் குழிக்குள் போனது. எங்கள் பக்கம் சூளையில் ஈரக்கல்லை வெயிலில் புரட்டிப்போடுவது சின்னப்பிள்ளைகள்தான்; அப்படிப் புரட்டும்போது பதிந்தது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து வயது, மிஞ்சினால் ஆறு.

மகனைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவள் சொன்னதை அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "எல்லாருக்கும் இது ரொம்பப் பிடிக்குமாம்ப்பா. வர்ற ஜோடிங்க இதுல விரல வச்சுட்டுப் போவாங்களாம். அதிர்ஷ்டமாம்."

அப்போதுதான் கவனித்தேன். அந்தக் குழிகள் மட்டும் எண்ணெய் பூசினதுபோல வழவழவென்று இருந்தன.

"யாரு வீட்டுப் பிள்ளைகளாம்? என்ன கூலியாம்?"

"இந்தக் குடும்பத்து ஆளுங்கன்னு சொல்றாங்க."

"குடும்பத்து ஆளுன்னா?"

அவன் அந்த அம்மாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "அடிமைங்கப்பா. விலைக்கு வாங்கினவங்க."

மரத்தடிக்குப் போய்க் காறித் துப்பினேன். அந்தக் கழிப்பறைக்குள் போக மனசில்லை. முகம் கழுவாமலே காரில் போய் உட்கார்ந்தேன்.

காருக்குள் நான் பேசாத பேச்சு இல்லை. "வீடாலே இது? பிள்ளைகளக் கொன்னு அடுக்கி வச்ச சுவரு. அதுக்குப் பெயிண்ட் அடிச்சு, பாவாடை உடுத்திக்கிட்டுச் சிரிக்காளே, வெக்கமில்லாதவ! அந்தக் குழியில விரல விட்டுட்டுப் போறானுகளாம், தூ!"

மகன் சாவியைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டான். அப்புறம் சொன்னான்: "அப்பா, நீங்க சின்னப்பிள்ளையா இருக்கையில குச்சி அடுக்கினீகள்ல. விரல்லாம் வெடிச்சு ரத்தம் வருமுன்னு நீங்கதானே சொன்னீக. அந்த முதலாளி மகன் கல்யாணத்துக்கு மொத ஆளாப் போய்ச் சாப்பிட்டு வந்தீகளா இல்லையா?"

"அது வேற, இது வேறலே."

"என்ன வேற?"

நான் அடிமை இல்லை, சாயங்காலம் வீட்டுக்குப் போனேன், சனிக்கிழமை என் அம்மா கையில் கூலி கொடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மைதான்.

முன் இருக்கையிலிருந்து மருமகள் திரும்பினாள். "மாமா, எங்களுக்குத் தெரியும். இந்த ஊர்ல ஸ்கூல்லயே சொல்லிக் குடுப்பாங்க. தெரிஞ்சும் படத்த மட்டும் பார்த்துட்டு புக் பண்ணிட்டோம். எனக்கே இப்ப அசிங்கமா இருக்கு. கோயில் ஹால் அன்னைக்குக் காலியா இருக்கான்னு கேக்கவா?" கேட்டும்விட்டாள், அந்த நிமிடமே, போனில். காலியாக இருந்தது. கோயிலின் அடித்தளத்தில், தாழ்வான கூரை போட்ட சாதாரண ஹால். மகன் என்னைக் கண்ணாடியில் பார்த்தான். "சொல்லுங்கப்பா. நீங்க சரின்னா மாத்திருவோம்."

எல்லாம் என் ஒரு வார்த்தையில் இருந்தது. என் மகன் எங்கே தாலி கட்டுவான் என்பதை அந்த நிமிடம் என் கையில் கொடுத்திருந்தான் கடவுள். நான் சொன்னேன்: "வேண்டாம். சாமிக்கு வச்ச பத்திரிகை. இடத்த மாத்தக்கூடாது."

என் மனைவிதான் பேசினாள்.

"இப்பத் தூன்னு துப்புனீக."

"துப்புனேன். அதுக்காக அம்மனுக்கு முன்னால சொன்னத மாத்தச் சொல்றியா?"

"அவ கூரையில்லாம வெயில்ல கெடக்கிறவ. ஒங்ககிட்ட பங்களாவா கேட்டா? தெரியாம வச்சீக. தெரிஞ்ச பெறகு, தாயே தப்பாயிருச்சுன்னு கன்னத்துல போட்டா ஏத்துக்க மாட்டாளா?"

"குடும்பத்துக்கு ஆகாதுடீ. நாளைக்கு இதுகளுக்கு ஒண்ணுன்னா?"

அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் எந்தத் தாய் எதிர்த்துப் பேசுவாள்? அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகன் வண்டியை எடுத்தான். மருமகள் போனைப் பைக்குள் போட்டாள்.

சாமி பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது. அதில் பொய் இல்லை. ஆனால் அது பாதிதான். மீதிப் பாதியை அந்த அம்மன் அறிவாள். ஊரெல்லாம் அரண்மனை அரண்மனை என்று காட்டிவிட்டு, கோயில் கீழ்த்தளத்தில் கல்யாணம் நடந்தது என்று படம் போனால் மாமா என்ன சொல்வார், மற்ற அச்சகக்காரன் என்ன சிரிப்பான் என்பதுதான் என் நெஞ்சில் ஓடியது. என் கவுரவத்தைக் காப்பாற்ற அவளை முன்னால் நிறுத்தினேன். அந்தப் பிள்ளைகளை விலைக்கு வாங்கின வீட்டுக்காரனும் ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போய்க்கொண்டேதானே அதைச் செய்தான்.

கல்யாணம் அங்கேதான் நடந்தது. பழைய மரத்தரை என்பதால் உள்ளே நெருப்பு கூடாது என்று ஓமத்தைப் புல்வெளிக்குத் தள்ளிவிட்டார்கள். குத்துவிளக்கில் திரிக்குப் பதில் பேட்டரி பல்பு சொருகிக் கொடுத்தார்கள். மகன் மூன்று முடிச்சும் போட்டான். நான் அட்சதை போட்டேன். எல்லோரும் படிக்கட்டில் நின்று படம் எடுத்தோம். நல்லவேளை, மகனும் மருமகளும் பின்பக்கம் போகவே இல்லை. ஆனால் அவர்களுடைய சிநேகிதர்களில் சிலர் போய், குழியில் விரலை வைத்துச் சிரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

பந்தி ஆரம்பித்ததும் என் மனைவி ஒரு இலையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்தாள். சோறு, பருப்பு, வடை, பாயசம், ஒரு வாழைப்பழம். யாரிடமும் சொல்லாமல் பின்பக்கம் போனாள். சாப்பாட்டு மேசையில் என் இடத்திலிருந்து ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்து, அந்தச் செங்கல்லுக்கு அடியில் இலையைப் போட்டு, தண்ணீர் சுற்றிக் கும்பிட்டாள். எங்கள் வீட்டில் செத்தவர்களுக்கு விசேஷத்துக்கு முன்னே படைப்போம். பெயர் தெரிந்தவர்களுக்குத்தான் படைப்போம். அன்று அவள் பெயர் தெரியாத பிள்ளைகளுக்குப் படைத்தாள். அக்காவையும் நினைத்திருப்பாள், நான் கேட்டதில்லை.

அவள் எழுந்து திரும்பிப் பத்து அடி வந்திருக்க மாட்டாள். அந்த வீட்டு வேலையாள் ஒருவன் கையுறையோடு வந்து, இலையைச் சுருட்டிக் கறுப்புப் பைக்குள் போட்டு, அந்த இடத்தில் மருந்தும் அடித்துவிட்டான். எறும்பு வந்தால் பழைய சுவர் கெட்டுவிடுமாம். அவள் நின்று பார்த்தாள். பிறகு ஜன்னலில் என்னைப் பார்த்தாள்.

நான் வாய் நிறையச் சோற்றோடு இருந்தேன். எழுந்து போயிருக்க வேண்டும். பக்கத்தில் சம்பந்தி உட்கார்ந்து, "வீடு எப்படி மச்சான்?" என்று கேட்டார். "அருமையா இருக்குங்க" என்று சொல்லி விழுங்கினேன். இன்னொரு தடவை பாயசமும் வாங்கிக் குடித்தேன்.

என் மனைவி அன்று அங்கே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஊர் திரும்பி அம்மனிடம் போனபோது, "நீங்க போய்ச் சொல்லிட்டு வாங்க, நான் இங்கன நிக்கேன்" என்று வேலிக்கு வெளியே நின்றுகொண்டாள். நான் சூடத்தை மட்டும் கொளுத்திவிட்டுத் திரும்பினேன். மகன் வீட்டில் கல்யாணப் படம் ஒன்றுகூட மாட்டவில்லை. மருமகளுக்கு அதில் என் மேல் கோபம் இல்லை, அது இருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும்.

சொந்தக்காரர்களிடம் இந்தக் கதை வேறு மாதிரிப் போயிருக்கிறது. அந்த வீட்டு வரலாறு தெரிந்ததும் நான் சண்டை போட்டேன் என்றும், வெள்ளைக்காரியை நாலு கேள்வி கேட்டு அழவைத்தேன் என்றும், படையல் போட்டதே நான்தான் என்றும் சொல்கிறார்கள். இத்தனை வருடம் நான் மறுக்கவில்லை. இப்போது மறுக்கிறேன். போன மாதம் பத்திரிகை அடிக்க வந்த குடும்பத்துக்கும் அந்த டிசைன் கிடையாது என்று சொல்லி, ஏன் என்றும் சொல்லி அனுப்பினேன். பாதியில் எழுந்து போய்விட்டார்கள். வேறு இடத்தில் அடித்திருப்பார்கள்.

ஆகையால் இதைப் படிக்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசுகிற நாலு பேரிடமாவது இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது என்னை நல்லவனாக்க வேண்டாம். மாற்றலாமா என்று கேட்டார்கள், மாற்ற வேண்டாம் என்றது நான். இலையைப் போட்டது அவள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டது நான். இந்த மூன்றையும் இப்படியே சொல்லுங்கள்.